நான் கட்டிய காகமும் மிதுலாவின் பசியும்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். நோர்வேயின் வடக்குக் கரையில், குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் தலைகாட்டாத ஊரில், மீன் தொழிற்சாலையில் கத்தி பிடிக்கப் போனவன். அந்தக் கையால் என்ன கட்டினேன் என்று கேளுங்கள். முதலில் ஒரு வீடு. மேசனும் இல்லை, மரவேலைக்கு ஓடாவியும் இல்லை. கூரை மரம் ஏற்றும்போது மட்டும் தொழிற்சாலைக் கூட்டாளிகள் இரண்டு வெள்ளையர் கை தந்தார்கள். பிறகு ஒரு வள்ளம். அது மூன்று வருஷம் மிதந்தது. அதற்கு மேல் மிதக்கும் என்று நான் சொல்லவுமில்லை. எங்கடை தமிழ் மண்டபத்தின் பலகைத் தளம் நான் போட்டது. பொங்கல் விழாவுக்கு அதன்மேல் சனம் ஏறி நின்று ஆடியும் ஒரு பலகை முனகினதில்லை. "அளக்கத் தெரியாதவன்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தவர்களும் அதன்மேல்தான் ஆடினார்கள்.

இவ்வளவுக்கும் மேலே, இந்தத் தை மாதம் (ஜனவரியைத்தான் நாங்கள் தை என்போம்) யாழ்ப்பாணத்தில் ஒரு காகம் கட்டினேன். நான் கட்டினதிலே திறமானது அதுதான். அதைப்பற்றி வீட்டில் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. அதனால்தான் இந்தப் பயணத்தை நானே எழுதவேண்டி வந்தது.

என்ரை மகள் சுகந்தியின் பிள்ளை மிதுலாவுக்கு மூன்றரை வயது. அவள் சாப்பிடமாட்டாள். வருத்தம் ஒன்றுமில்லை. இரத்தம் பார்த்தார்கள், வயிறு பார்த்தார்கள், எல்லாம் சரி என்றார்கள். வாயைத் திறக்கமாட்டாள், அவ்வளவுதான். கோப்பையைக் கண்டதும் "நை" என்பாள். நோர்வேக்காரர் வேண்டாம் என்பதற்குச் சொல்வது அது. மார்கழியில் நிறுத்துப் பார்த்த தாதி, "வசந்தத்தில் திரும்ப நிறுப்போம். ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் வைத்து மூக்கு வழியாகக் குழாய் போடவேண்டி வரும்" என்றாள். சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். அந்த நாட்டில் எதையும் சிரித்த முகத்தோடுதான் சொல்வார்கள். சுகந்தி காருக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அழுதாள்.

மாசியில் என்ரை மனிசியின் திவசம். அவ போய் மூன்று வருஷம். அதை அவ பிறந்த வீட்டிலேயே செய்வோம், பிள்ளையிலும் வெயில் படட்டும் என்று முடிவெடுத்தவன் நான். மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் வெளிக்கிட்டோம்.

வீடு மருதனார்மடம் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளுக்குள். மனிசியின் தம்பி தேவன் அங்கே வெங்காயம் செய்கிறான், மிச்ச நேரத்தில் ஓட்டோ ஓட்டுகிறான். அவனும் அவன் மனைவி புவனமும் வாசலில் நின்றார்கள். கம்பளிக் காலுறையைக் கழற்றமாட்டேன் என்று அடம்பிடித்தபடி மிதுலா இறங்கினாள். தேவன் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"அத்தான், உது பிள்ளையோ, இல்லாட்டில் பிள்ளையின்ரை போட்டோவோ?"

"வாயை மூடுங்கோ! வந்ததும் வராததுமா..." என்று புவனம் அவனுக்கு முழங்கையால் ஒன்று போட்டாள். சுகந்தி சிரிக்கவில்லை.

முதல் நாள் காலை புட்டும் கதலிப் பழமும். நை. மத்தியானம் குத்தரிசிச் சோறும் பருப்பும். நை. பின்னேரம் இடியப்பமும் பால் சொதியும். அதற்கு நை கூட இல்லை, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சொதியை நான் குடித்தேன். அப்படி ஒரு சொதியை முப்பது வருஷமாக நோர்வேயில் நான் காணவில்லை. அங்கே தேங்காய்ப்பால் தகரத்துக்குள் இருந்து வரும். தகரத்தின் கதை நாக்கில் இருக்கும்.

இரண்டாம் நாள் மருதனார்மடம் சந்தைக்குப் போய், பிள்ளை தின்னக்கூடியது என்று கண்ணில் பட்டதெல்லாம் வாங்கினேன். பலாச்சுளை, பனங்கிழங்கு, எள்ளுருண்டை, விளாம்பழம். பனங்கிழங்கு விற்ற மனிசி மிதுலாவின் கன்னத்தைக் கிள்ளி, "தம்பி, பிள்ளைக்கு நாவூறு, கண் பட்டிருக்கு. அதுதான் தின்னுதில்லை" என்றாள். என்னைத் தம்பி என்று அவ கூப்பிட்டதில் எனக்கு ஒரு சந்தோஷம். எனக்கு அறுபத்தெட்டு.

அன்றிலிருந்து வீடு முழுக்க ஒரே வேலை. புவனம் கிண்ணத்தோடு பிள்ளைக்குப் பின்னால் ஓடுவாள். சுகந்தி போனில் படம் காட்டி ஒரு வாய் வைப்பாள். தேவன் ஆட்டைக் காட்டி ஒரு வாய். நான் பஸ் ஓட்டுவதுபோல் கரண்டியைக் கொண்டுபோய் வாயடியில் நிற்பாட்டி, "இறக்கம்! இறக்கம்!" என்று கொண்டக்டர் மாதிரிக் கத்துவேன். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தரம் நடக்கும். பத்தில் ஒன்று உள்ளே போகும், பாதி வெளியே வரும்.

மூன்றாம் நாள்தான் ஒரு காகம் வந்தது. புவனம் உழுந்து வடை சுட்டு ஒன்றை ஆறவிட்டு மிதுலாவின் கையில் கொடுத்திருந்தாள். பிள்ளை முற்றத்தில் நின்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓட்டைக்குள்ளால் என்னைப் பார்த்தாள். பிறகு, ஒருத்தரும் சொல்லாமல், தானாக வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூரையிலிருந்து ஒரு காகம் வந்து அப்படியே பறித்துக்கொண்டு போய்விட்டது. பிள்ளை குளறின குளறலில் அடுத்த வீட்டு நாயும் சேர்ந்து குளறியது. அதற்குப் பிறகு சாப்பாட்டுச் சாமான் எதையும் கையால் தொடமாட்டேன் என்றுவிட்டாள்.

காகத்துக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். தொழிற்சாலைக்கு வெளியே மரச் சட்டங்களில் மீன் காயும்போது வருகிற காகத்தை நான் பார்த்திருக்கிறேன்; அதை வெருட்டுகிற வேலை என்னிடம்தான் இருந்தது. தேவனின் பழைய கறுத்தக் குடையைப் பிரித்தேன். சீலையைச் சிறகு மாதிரி இரண்டு செட்டையாக வெட்டி, கம்பியை உள்ளே விட்டு விரித்தேன். தென்னந்தும்பை உருட்டிக் கறுத்தச் சீலை சுற்றி உடம்பு வைத்தேன். இரண்டு ஈர்க்குக் கட்டிக் காலாக்கினேன். தலைகீழாக, கால் வானத்தைப் பார்க்க, முருங்கை மரத்தில் நைலோன் கயிற்றில் கட்டித் தூக்கினேன். காற்றுக்குச் செத்த காகம் சுற்றுகிறது போலவே சுற்றியது.

"உதுக்குக் காகம் பயப்பிடுமோ? பிள்ளைதான் பயப்பிடும்" என்றான் தேவன்.

அன்று பின்னேரம் ஊர்க் காகம் எல்லாம் வந்து மரத்தைச் சுற்றி ஒப்பாரி வைத்தன. கதை பேச முடியாத சத்தம். விடிந்தபோது ஒன்றும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. புவனம் மிளகாயும் பனங்கிழங்கு ஒடியலும் காயப்போட்டுவிட்டுக் காவல் இல்லாமல் சமைத்தாள். அயலட்டை விடுமோ? "அண்ணை, எங்களுக்கும் ஒண்டு கட்டித் தாங்கோ" என்று வந்தார்கள். ஒழுங்கை முழுக்க ஏழு வீட்டுக்குக் கட்டிக் கொடுத்தேன். பழைய குடை ஒன்றும் மிச்சமில்லை. தை மாதம் அந்த ஒழுங்கையில் காகம் பறந்து கண்டவர் இல்லை.

மிதுலா மட்டும் சாப்பிடவில்லை.

பொங்கலன்று வெடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்குக் கீழே போய்விட்டாள். குனிந்து ஒரு கரண்டி பொங்கலை வாயில் வைத்தோம். மத்தியானம் வரைக்கும் கன்னத்துக்குள்ளேயே வைத்திருந்தாள். மற்றக் கிழமை நெல்லியடிக்கு ஒரு சிநேகிதனைப் பார்க்க பஸ்ஸில் போனோம். வழியில் பஸ் நின்றுவிட்டது. "எல்லாரும் இறங்கித் தள்ளுங்கோ, நெல்லியடி எட்டிப் பார்க்குது!" என்று கொண்டக்டர் கத்தினான். நோர்வேயில் பஸ் ஒரு நிமிஷம் பிந்தினால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே மன்னிப்பு இல்லை, ஆனால் பகிடி இருக்கிறது. நாங்கள் தள்ள, பெண்கள் எல்லாம் மரநிழலில் மிதுலாவைச் சுற்றி நின்று விஸ்கோத்து, தோடம்பழம், றோல்ஸ் என்று நீட்டினார்கள். அவள் எல்லாவற்றையும் மடியில் வாங்கி ஒவ்வொன்றாக என்னிடம் தந்தாள். நான் தின்றேன். அந்தத் தையில் எடை ஏறியது எனக்குத்தான்.

வெள்ளிக்கிழமைகளில் நிறுப்போம். தேவனிடம் வெங்காயம் நிறுக்கிற தொங்குதராசு உண்டு. மாமரக் கிளையில் கொழுவி, கழுவின சாக்கில் பிள்ளையை வைத்துத் தூக்குவோம். அவளுக்கு அது ஊஞ்சல். சாக்குக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிச் சிரிப்பாள். முதல் கிழமை பதினொன்றே கால் கிலோ. இரண்டாம் கிழமை பதினொன்றே கால். நான்காம் கிழமையும் அதே முள், அதே கோடு. சுகந்தி தராசைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"தராசு பிழையோ, மாமா?"

"தராசு சரி, பிள்ளை" என்றான் தேவன். அந்த ஒரு தரம் அவன் பகிடி விடவில்லை. அவள் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். குழாய் என்ற சொல்லை அவள் சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை.

திவசம் வந்தது. விடிய வெள்ளனவே வீடு நிறையச் சனம். ஒருத்தி தேங்காய் துருவ, ஒருத்தி வாழைக்காய் சீவ, ஐயர் வந்து தன் அலுவலை முடித்துக்கொண்டு போனார். இலை விரித்துப் படைத்தோம்: சோறு, பருப்பு, கத்தரிக்காய், பயத்தங்காய், வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயாசம். இனி அதிலே ஒரு பங்கைக் காகம் தொடவேண்டும். தொட்டால்தான் செத்தவ ஏற்றுக்கொண்டதாக எங்களுக்கு நம்பிக்கை. பிறகுதான் வந்த சனத்துக்குப் பந்தி.

புவனம் இலையை மதிலில் வைத்து, "கா... கா..." என்றாள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து கூப்பிட்டோம். வானம் சுத்தமாக இருந்தது. அரை மணித்தியாலம். ஒரு மணித்தியாலம். இருபத்தைந்து பேர் பசியோடு மதிலைப் பார்த்தபடி நின்றார்கள். பிறகு ஒவ்வொருத்தராக மதிலை விட்டுவிட்டு முருங்கை மரத்தைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"அத்தான், நீங்கள் காகத்தைக் கலைக்கேல்லை. என்ரை அக்காவைக் கலைச்சுப்போட்டியள்" என்றான் தேவன்.

சனம் சிரித்தது. எனக்குள் போய் அது தைத்தது. ஏணியை எடுத்து எங்கடை முருங்கையிலும், பிறகு ஏழு வீட்டுக்கும் போய், நானே ஏறி எல்லாவற்றையும் அவிழ்த்தேன். காகத்துக்கு அது தெரியவேண்டுமே. மத்தியானம் திரும்பியும் ஒன்றும் வரவில்லை. சுன்னாகம் சந்தையில் காகத்துக்குக் குறைவில்லை, அங்கே கொண்டுபோய் வைப்போம் என்று நான் சொன்னேன். தேவன் ஓட்டோவை எடுத்தான். பின்சீற்றில் நானும் சுகந்தியும், நடுவில் மிதுலா. காகத்தின் சாப்பாட்டை இன்னொரு வாழையிலையால் மூடி என்ரை மடியில் வைத்திருந்தேன்.

ரயில் கேற்றடிக்குப் போகக் கேற் விழுந்துவிட்டது. எங்களுக்குப் பின்னால் ஒரு லொறி வந்து நின்றது. வெயில். இலைக்குள்ளிருந்து பருப்பும் நெய்யும் வாசம் வந்தது.

"அம்மப்பா, உதுக்குள்ளை என்ன?"

"காகத்தின்ரை சோறு, குஞ்சு."

"காகம் எங்கை?"

"தேடித்தான் போறம்."

மிதுலா குனிந்து இலையை மோந்து பார்த்தாள். பிறகு வயிற்றில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஏதோ கண்டுபிடித்ததுபோல் சொன்னாள்:

"எனக்குப் பசிக்குது."

சுகந்தி என்னைப் பார்த்தாள். தேவன் கண்ணாடிக்குள்ளால் பார்த்தான். அந்தச் சொல்லை அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து நாங்கள் கேட்டதே இல்லை.

"காலமை என்ன குடுத்தனீங்கள், அப்பா?"

"நானோ? மாமியெல்லோ வாயிலை தீத்தினவ."

"மாமி அடுப்படியிலை. நீங்கள் தீத்தினீங்கள் எண்டு நான் நினைச்சன்."

"நான் அக்காவின்ரை படத்துக்கு மாலை கட்டினனான்" என்றான் தேவன். "என்னைப் பாக்காதேங்கோ."

அப்போதுதான் விளங்கியது. விடிந்ததிலிருந்து ஒருத்தரும் அவளுக்கு ஒரு கரண்டி நீட்டவில்லை. மற்றவர் நீட்டியிருப்பார் என்று ஒவ்வொருத்தரும் நினைத்திருந்தோம். பிறந்த நாள் தொடக்கம் பத்துக் கரண்டியோடு பின்னால் ஓடினால் அந்தப் பிள்ளைக்குப் பசி வர நேரம் எங்கே?

என்ரை மடியில் சாப்பாடு இருக்கிறது. அது காகத்தினது. "அத்தான், காகம் தொடாமல்..." என்று தேவன் தொடங்கினான். உண்மையைச் சொல்கிறேன், என்ரை கையும் இலையை அமத்தத்தான் போனது. என்ரை மனிசிக்கென்று படைத்தது; வருஷத்தில் ஒரு நாள். மிதுலா அதற்கு முதல் மேலிலையைத் தூக்கிவிட்டாள். வடையை எடுத்தாள். அந்தக் காகம் அன்றைக்கு எடுத்த அதே வேகம். வாயில் வைத்துக் கடித்தாள். மென்றாள். விழுங்கினாள். திரும்பக் கடித்தாள்.

நான் கையை எடுத்துவிட்டேன்.

"காகத்துக்கு வைச்சதெல்லோ, அத்தான்!"

"தேவன், ஒண்டும் கதையாதை. முன்னாலை பார்."

வடை முடிந்தது. சோற்றுக்குள் கையை விட்டாள். யாரும் ஊட்டவில்லை, பஸ் ஓடவில்லை, போனில் படம் ஓடவில்லை. பருப்பு முழங்கை வரைக்கும் வழிந்தது. ரயில் வந்து கடந்து போனது. அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கேற் எழும்பியது. தேவன் ஓட்டோவை எடுக்கவில்லை. ஆட்டினால் நிற்பாட்டிவிடுவாளோ என்ற பயம் அவனுக்கும்.

பின்னால் லொறிக்காரன் கோண் அடித்தான். "அண்ணை, ஓட்டோ செத்துப்போச்சோ?"

"பிள்ளை சாப்பிடுது, பொறு!"

"ரோட்டிலையோ பந்தி வைக்கிறியள்? எங்களுக்கும் ஒரு இலை போடுங்கோவன்!"

அவன் விலத்திக்கொண்டு போகும்போது எட்டிப் பார்த்தான். சுகந்தி அழுதுகொண்டிருந்ததைக் கண்டுவிட்டு, தன் தலையில் கையை வைத்து, "பாத்து, அக்கா" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனான்.

இலையில் மற்ற வடையும் கொஞ்சச் சோறும் மிஞ்சின. சுன்னாகம் சந்தையின் பின்மதிலில் வைத்தோம். கூப்பிடவே தேவையில்லை. கொழுத்த காகம் ஒன்று வந்து வடையோடு எழும்பியது. "அது என்ரை வடை!" என்று மிதுலா கத்தினாள். பிறகு, "சரி, நீ தின்" என்றாள்.

வீட்டில் எல்லோரும் வாசலில். "காகம் எடுத்ததோ?" என்று புவனம் கேட்டாள். "ஓம், எடுத்தது" என்றான் தேவன். அது பொய்யில்லை. எது முதல், எது பிறகு என்று அவள் கேட்கவில்லை. பந்தி தொடங்கியது. இதை வாசித்துத்தான் அவளுக்கு இனித் தெரியவரும். என்ரை மனிசியைப் பற்றி எனக்கு யோசனை இல்லை. பேத்தி தின்ற பிறகு தின்ன அவவுக்கு ஒரு நாளும் மனவருத்தம் இருந்திராது.

அன்று பின்னேரமே சுகந்தி சட்டம் போட்டாள்: பிள்ளை கேட்காமல் ஒருத்தரும் கரண்டி தூக்கக்கூடாது. எனக்கு அது குளிரில் மீன் வெட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தேன். அடுத்த நாள் காலை எட்டு மணி, கேட்கவில்லை. ஒன்பது, கேட்கவில்லை. பத்து மணிக்கு அடுப்படி வாசலில் வந்து நின்று, "மாமி, எனக்குப் பசிக்குது" என்றாள். புவனம் கையிலிருந்த அகப்பையைப் போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சுற்றுலா. கீரிமலையில் கேணிப் படியிலிருந்து கடலுக்கும் குளத்துக்கும் மாறி மாறிக் கையசைத்தாள். காரைநகர்க் கடலில் முழங்கால் தண்ணீரில் நாள் முழுக்க நின்றுவிட்டு, மணலோடு இரண்டு பேக்கரிப் பணிஸ் தின்றாள். ஒரு பின்னேரம் தேவன் கூழ் காய்ச்சினான். உறைப்புப் போட முதல் அவளுக்கு ஒரு சட்டியில் வேறாக எடுத்தான். பலா இலையைக் கோலிக் குடித்துவிட்டு இன்னும் என்று நீட்டினாள். மாசியில் எங்கள் ஊர் உறைந்து கிடக்கும். கார்க் கதவு திறக்க வெந்நீர் ஊற்றவேண்டும். இங்கே பிள்ளை வெறுங்காலோடு வெங்காயத் தோட்டத் தறைக்குள் ஓடியது. காலுறை எங்கே போனது என்று இன்றுவரைக்கும் தெரியாது.

காகமும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. மிதுலா ஒவ்வொரு நாளும் தன் கோப்பையில் கொஞ்சம் மிச்சம் வைத்து, மதிலில் வைத்துவிட்டு நாலடி பின்னால் நின்று கூப்பிடுவாள். வெளிக்கிட முதல் கடைசி வெள்ளிக்கிழமை சாக்கில் தூக்கினபோது முள் பன்னிரண்டைத் தாண்டி நின்றது. தேவன் தராசை இரண்டு தரம் கழற்றிக் கொழுவினான்.

"அத்தான், போட்டோ பிள்ளையா மாறுது" என்றான்.

பங்குனியில் திரும்பினோம். பனி கரைந்து வீட்டுக் கூரையால் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தாதி மிதுலாவை மின்தராசில் நிற்பாட்டினாள். எண் வந்தது. பழைய தாளைப் பார்த்தாள், திரும்ப எண்ணைப் பார்த்தாள். குழாய் இல்லை என்றாள். அன்றைக்குத்தான் அந்தச் சிரிப்பு உண்மையான சிரிப்பு என்று எனக்குத் தெரிந்தது. சுகந்தி இந்த முறை காருக்குப் போகும் வரைக்கும் பொறுக்கவில்லை, அந்த அறையிலேயே அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துச் சமாளித்தேன்.

"என்ன செய்தீர்கள்?" என்று தாதி கேட்டாள்.

"வெயில். சொந்தக்காரர். கடல் காற்று" என்றாள் என் மகள்.

நான் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன். என்னிடம் இருப்பது தொழிற்சாலை நோர்வே மொழி. அதில் காகம், குடை, ரயில் கேற் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க முதல் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெயிலாம். வெயில் தை முழுக்கவும்தானே அடித்தது? தராசு ஒரு கோடு அசைந்ததோ? நான் காகத்தைக் கட்டியிராவிட்டால் மதிலுக்குக் காகம் பத்து நிமிஷத்தில் வந்திருக்கும். வந்திருந்தால் பந்தி தொடங்கியிருக்கும். பந்தி தொடங்கியிருந்தால் ஆரோ ஒருத்தர் கரண்டியோடு பிள்ளைக்குப் பின்னால் ஓடியிருப்பார்கள். அந்த ஆரோ அநேகமாக நான்தான். பிள்ளைக்குப் பசி வந்திராது.

இப்போது சுகந்தி மிதுலாவுக்கு ஒரு படப் புத்தகம் ஒட்டியிருக்கிறாள். கீரிமலை இருக்கிறது. காரைநகர் இருக்கிறது. சாக்குக்குள் பிள்ளை, பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு தேவன். புவனம் புட்டோடு ஒரு முழுப் பக்கம். நான் ஒரே ஒரு படத்தில், அதுவும் பஸ் தள்ளுகிறபோது, முதுகு மட்டும். காகத்தின் படம் இல்லை, ஒருத்தரும் எடுக்கவில்லை. கடைசிப் பக்கம் ஒன்று வெறுமையாகக் கிடக்கிறது, நான் பார்த்துவிட்டேன்.

அவிழ்த்த அன்றைக்கு ஒரு செட்டையை நான் எறியவில்லை. பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டு வந்தேன். சுகந்தி, நீ இதை வாசிப்பாய் என்று தெரியும். அந்தச் செட்டையை அந்தப் பக்கத்தில் ஒட்டு. கீழே தடித்த எழுத்தில் எழுது: "கட்டினது அம்மப்பா." என்ரை முழுப் பெயரையும் போடு.